ஸ்டாண்ட்-ஆஃப் வேறு, ஷோடவுன் வேறு

சைட்டில் தகராறு என்றால் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதும் வேலை நம்ம ஊர் சூப்பர்வைசர் தலையில்தான் விடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் தேக்காவில் உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டுகளைத் திருத்திக் கொடுக்கிறேன். எழுத்துப் பிழையைப் போனே பார்த்துக்கொள்ளும். போன் கண்ணில் படாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முறைப்பை ஷோடவுன் என்று எழுதுவது

இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு தரப்பும் விறைத்துக்கொண்டு நிற்கிறது, யாரும் இறங்கி வரவில்லை, யாரும் கை வைக்கவும் இல்லை என்றால் அது ஸ்டாண்ட்-ஆஃப். ஷோடவுன் என்பது ஒரு கை பார்த்துவிடுவது. போக்கர் ஆட்டக் கடைசியில் சீட்டை விரித்துக் காட்டுவார்களே, அங்கிருந்து வந்த சொல். அதோடு ஜெயித்தது யார் என்று தெரிந்துவிடும்.

1974 ஜனவரி 31-ல் புக்கோம் தீவு எண்ணெய் ஆலையைத் தாக்கிய நால்வர், லாஜு படகைக் கடத்தி ஊழியர்களைப் பிணை பிடித்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது. பின்னாளில் சிங்கப்பூர் அதிபரான எஸ்.ஆர். நாதன் தலைமையில் அதிகாரிகள் கூடவே விமானம் ஏறி அவர்களைக் குவைத்தில் கொண்டுபோய் விட்டதும்தான் முடிந்தது. முழுக்க முழுக்க ஸ்டாண்ட்-ஆஃப். 1991 மார்ச் 26 இரவு கடத்தப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ 117 விமானத்தில் விடிய விடிய நடந்த பேச்சுவார்த்தையும் அப்படித்தான். மறுநாள் காலை கமாண்டோக்கள் உள்ளே புகுந்து கடத்தல்காரர் நால்வரையும் சுட்டார்களே, அது ஷோடவுன்.

ஒரு சைட் கேட்டில் இரண்டு சப்கான் (துணை ஒப்பந்தக்காரர்) லாரிகள் நேருக்கு நேர் நின்றன. ரிவர்ஸ் எடுக்க இரண்டு பேருக்கும் மனசில்லை. ஹாரன், வசவு, அவ்வளவுதான். ரிப்போர்ட் எழுதிய தம்பி ‘கேட்டில் ஷோடவுன்’ என்று போட்டார். மெயின்கான் (முதன்மை ஒப்பந்தக்காரர்) ஆபீசில் அடிதடி என்று படித்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை இரண்டு டிரைவருக்கும் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. கேட்டால், “கெத்தா இருக்கும்னு போட்டேன் அண்ணே.” அடுத்தவன் வயிற்றில் அடித்தா கெத்துக் காட்டுவது? இரண்டு லாரியும் வழிவிடவில்லை, யாரும் யாரையும் தொடவில்லை என்று நேரத்தோடு இரண்டு வரி எழுதியிருந்தால் ஒழிந்தது.

ஐபால் டு ஐபால்

மேனேஜரோடு மனம்விட்டுப் பேசியதற்கு இதைப் போடுகிறார்கள். ஃபேஸ் டு ஃபேஸ் போதும். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில், கண்ணுக்குக் கண் முறைத்துக்கொண்டு நிற்கிறோம், எதிராளி கண் சிமிட்டிவிட்டான் என்ற அர்த்தத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் சொன்னது இது. அணு ஆயுதம் வைத்திருந்த இரண்டு நாடுகளின் முறைப்பு. உங்கள் ஓவர்டைம் பாக்கிக்கு இது கொஞ்சம் அதிகம்.

மெக்சிகன் ஸ்டாண்ட்-ஆஃப்

ஒருவரை ஒருவர் குறிவைத்து நின்று, யாரும் முதலில் அசைய முடியாத நிலை இது. ரிப்போர்ட்டில் வேண்டவே வேண்டாம்.

அட் லாகர்ஹெட்ஸ்

கடைசி ‘ஸ்’ஸை விழுங்காதீர்கள். ஒருநாள் கூத்துக்கு இது பொருந்தாது. கிரேன் யாருக்கு முதலில் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இரண்டு சப்கான்களுக்குத் தாராளமாகப் போடலாம்.