விளக்கை எண்ணி ஊரை எடை போடாதீர்கள்

இரவில் ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் விளக்குக் கொத்துகளாகக் கிடக்கும். கடைவீதிப் பக்கம் பளிச்சிடும். பகலில் கண்ட குன்றுகளும் ஏரிகளும் இருந்த இடமே தெரியாது. விளக்குகளை எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொல்லிவிட முடியுமா? விண்மீன் மண்டலங்களின் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளைத் தேடும் மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பிரபஞ்சத்தில் கரும்பொருள் சாதாரணப் பொருளைப்போல் சுமார் 5 மடங்கு. அது அடர்ந்த இடங்களில்தான் விண்மீன் மண்டலங்கள் பிறக்கின்றன. ஆனால் பிரகாசமான மண்டலங்கள் கரும்பொருளைவிட நெருக்கமாகக் கூடி நிற்கும். இந்த வேறுபாட்டை ஊகிக்காமல் அளந்தே ஆக வேண்டும். இடையிலுள்ள நிறை தொலைதூர ஒளியை வளைப்பது அதற்கு ஒரு வழி. ஒரு மண்டலத்தின் வடிவம் இதனால் சுமார் 1 சதவீதமே மாறும் என்பதால் லட்சக்கணக்கானவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். அருகருகே பிறந்த மண்டலங்கள் இயல்பாகவே ஒரே திசையில் நீண்டிருக்கலாம். அதை மறந்தால் இல்லாத நிறை கணக்கில் ஏறிவிடும்.

விலகிச் செல்லும் மண்டலத்தின் ஒளி சிவப்பை நோக்கி நகர்வதே செம்பெயர்ச்சி. அதை வெறும் தூரமாகப் படிப்பது அடுத்த பிழை. அரிசோனாவில் 4 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய டெசி கருவி ஒரே நேரத்தில் 5,000 நிறமாலைகளை, அதாவது நிறம் பிரித்த ஒளியை, பதிகிறது. அவற்றில் மண்டலங்களின் சொந்த ஓட்டமும் கலந்திருக்கும். அதனால் மண்டலங்களின் ஒரு கொத்து நம்மை நோக்கி விரல்போல் நீண்டு தெரியும். தொல்லை என்று அதைத் துடைத்துவிடாதீர்கள். 1933இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற மண்டலக் கொத்தில் கண்ட அந்த வேகங்கள்தானே, கண்ணுக்குத் தெரியாத நிறை இருப்பதைக் காட்டிக்கொடுத்தன!

மலையில் மூடுபனி இறங்கினால் சேலத்தில் பாதி மறையும், நகரம் காலியாகிவிடாது. பால்வெளியின் தூசியும் வானத்தை அப்படித்தான் மறைக்கிறது. மண்டலங்கள் எவ்வளவு கூடி நிற்கின்றன என்று ஒப்பிடக் கணினியில் தற்செயலாகத் தூவும் புள்ளிகளுக்கும் அதே மறைப்பைப் போடுங்கள்.

ஆசை காட்டி ஏமாற்றும் தவறு வேறு. சிறு கொத்துகள் குறைந்து தெரிந்தவுடன், கரும்பொருள் துகள்கள் தொடக்கத்தில் வேகமாக ஓடியதால் சிறு கொத்துகளாகச் சேரவில்லை என்று எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். கருந்துளைகள் வாயுவை வெளியே தள்ளினாலும் இதைப் போன்ற அடையாளம் தோன்றலாம். மங்கலான குட்டி மண்டலங்கள் கருவிக்குத் தெரியாமல் போயிருந்தாலும் எண்ணிக்கை குறையும். ஆகவே முதலில் கணினியில் ஒரு போலி வானத்தைச் செய்து, அதில் நீங்களே ஒளித்து வைத்த விடை உங்கள் கணக்கில் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காதவரை உண்மை வானத்தின் தரவைத் திறக்காதீர்கள்.