பழைய அரத்தில் கத்தி: பதத்தைக் கெடுக்கும் தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேய்ந்த கவாத்துக் கத்தியோ பழைய அரமோ கிடைப்பது கஷ்டமில்லை. இரண்டிலும் பதம் (இரும்புக்கு ஏற்றிய கடினம்) ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கெடுக்காமல் வடிவம் மாற்றுவதுதான் வீட்டில் கத்தி செய்பவரின் வேலை. பலர் எடுத்த எடுப்பிலேயே இரும்பைச் சிவக்கக் காய்ச்சிவிடுகிறார்கள். அத்தோடு இருந்த பதம் போய்விடும். மறுபடி தோய்ச்சல் போட, அதாவது காய்ச்சிய இரும்பைச் சட்டெனக் குளிர்விக்க, கொல்லரின் கண் வேண்டும்.

ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை போன்றதைக் காய்ச்சித்தான் ஆக வேண்டும் என்றால், காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குச் சற்று மேலே கொண்டுபோய் எண்ணெயில் தோயுங்கள். தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். தேங்காய் எண்ணெய் ஊட்டிக் குளிரில் உறைந்தே கிடக்கும். கடலை எண்ணெயை 50–60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அரத்தை அப்படியே தீட்டிக் கத்தியாக்குவது அடுத்த தவறு. அதன் கடினம் கத்திக்கு அதிகம். சிமென்ட் தரையில் விழுந்தால் இரண்டாகிவிடும். ஒரு பக்கத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, ஓடிஜி எனும் மின்சார அடுப்பில் 200–220 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறியதும் இன்னொரு முறை. வெளிர் வைக்கோல் நிறம் வந்தால் சரி. நீலம் ஓடினால் சூடு மீறிவிட்டது. அரத்தின் பல்வரிகளை முழுக்க அரைத்து எடுங்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சில மலிவு அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினம். கிரைண்டரில் பூப்பூவாக வெடித்த பொறி, உள்ளே போகப் போக நீளக் கோடாக மாறினால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

அதிகம் பாழாவது கிரைண்டரில்தான். கத்தியின் வாய் (வெட்டும் விளிம்பு) மெலிய மெலியச் சூடு சட்டென ஏறும். பக்கத்தில் வாளித் தண்ணீர் இருக்கட்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் முக்கி எடுங்கள். கத்தியில் ஒட்டிய நீர்த்துளி கொதிக்க ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். (ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிப்பதால் எச்சரிக்கை கொஞ்சம் முன்னாலேயே வரும்.) வாயில் நீலம் பட்டபின் மேலாகத் தேய்த்து மறைப்பதில் பயனில்லை. அந்த அளவு இரும்பை அரைத்தே நீக்க வேண்டும்.

கண்ணாடியும் தூசி முகமூடியும் கட்டாயம். துத்தநாகம் பூசிய இரும்பைச் சூடாக்கவே கூடாது, புகை விஷம்.

கைப்பிடிக்கு விறகுக் குவியலில் இருந்து பச்சைச் சீகையோ கற்பூர மரமோ எடுப்பவர்கள் உண்டு. மழைக்கால மூடுபனியில் கச்சிதமாகப் பொருந்திய கட்டை, மேட்டுப்பாளையம் இறங்கியதும் சுருங்கி இடைவெளி காட்டும். கட்டையை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகே ஒட்டலாம். மார்கழிக் குளிரில் அரால்டைட் பசை 24 மணி நேரத்தில் இறுகாது. குண்டு பல்பு எரியும் அட்டைப்பெட்டிக்குள் வைத்தால் இறுகும். பட்டறைக் கிடுக்கியை முழு பலத்தில் முறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கி, ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

முடித்த கத்தியைத் தோல் உறைக்குள் போட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனி ஆடியில் சீக்கிரமே துரு புள்ளி வைத்துவிடும். துடைத்து, எண்ணெய் தடவி, காற்றாட மாட்டுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில்.