படத்தில் இருப்பது இசுமோவா, ஹ்யூகாவா?

ஜப்பானின் ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பலைப் படத்தில் பார்த்ததும் பலர் முதலில் கப்பலின் மேல் எழுதிய எண்ணைத் தேடுவார்கள்: 181 ஹ்யூகா, 182 இசே, 183 இசுமோ, 184 காகா. அண்மைப் படங்களில் எண் மங்கிய சாம்பலில் இருக்கும், தூரத்தில் தெரியாது. அதனால் விமானங்கள் ஏறி இறங்கும் மேல்தளத்தைப் பாருங்கள்.

விமானங்களைத் தளத்துக்கு ஏற்றி இறக்கும் லிஃப்ட்களில் பின்பக்க லிஃப்ட்தான் உறுதியான அடையாளம். ஹ்யூகா வகையில் (ஹ்யூகா, இசே; நீளம் 197 மீட்டர்) இரண்டு லிஃப்டும் தளத்தின் நடுக்கோட்டில். இசுமோ வகையில் (இசுமோ, காகா; நீளம் 248 மீட்டர்) பின் லிஃப்ட் வலப்புற விளிம்பில், மேல்கட்டுமானத்துக்குப் பின்னால், கடலை ஒட்டி நிற்கும். லிஃப்டைவிட நீளமான விமானத்தையும் வால் வெளியே நீட்டியபடி இறக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. ஹ்யூகாவின் பின்தளத்தில் 16 ஏவுகணைக் குழிகளின் சதுர மூடிகள் தெரியும். இசுமோவில் அவை கிடையாது.

2024 வாக்கில் எடுத்த படங்களில் இசுமோவையும் காகாவையும் பிரிக்க முகப்பைப் பாருங்கள். 2024-இல் முடிந்த மாற்றத்தில் காகாவின் கூம்பிய முன்தளம் செவ்வகமானது, எஃப்-35பி போர் விமானம் ஓடி எழும்புவதற்காக. ஆனால் படத்தின் தேதியைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்: 2017-இல் பணியில் சேர்ந்தபோது காகாவுக்கும் கூம்பு முகப்புதான்.

இன்னொரு குழப்பம் ஓசுமி. தட்டைத் தளம் இருந்தாலும் அது படைகளைக் கரையில் இறக்கும் தரையிறக்கக் கப்பல். பின்புறம் படகுகள் வெளிவரும் பெரிய கதவு இருக்கும், எண் 4001-இல் தொடங்கும்.