தெருப் பக்கம் மேம்பாலம் வருகிறதா? முதலில் காற்றைப் பாருங்கள்

அல்சூரோ ஹெப்பாலோ, பெங்களூரில் உங்கள் பகுதிக்கு மேம்பாலமோ பெரிய கட்டடமோ வருகிறதென்றால், ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று பேசும் முன் காற்றின் அளவைக் குறித்து வைக்கத் தொடங்குங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பக்கத்து நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் ஏக்யூஐ எனும் காற்றுத் தர எண்ணோடு நின்றுவிடாதீர்கள்: அது 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடுவது, காலை நெரிசலில் பள்ளி வேனுக்காக ரோட்டோரம் நிற்கும் பிள்ளை இழுக்கிற புகை அதில் கரைந்து காணாமல் போய்விடும். பிஎம் 2.5, அதாவது நுரையீரல் வரை போகும் நுண்தூசியின் அளவை மணிவாரியாகப் பாருங்கள்.

"வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று அதிகாரி சொன்னால், எந்த வரம்பு என்று கேளுங்கள். பிஎம் 2.5க்கு ஒரு நாள் சராசரியில் நம் நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. இந்த இடைவெளிதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, கட்டடத்தின் மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பொதுவாகச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். இந்த அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்த விண்ணப்பத்தைத் தேடி, எத்தனை வண்டிகளுக்கு நிறுத்துமிடம் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவ்வளவும் உங்கள் தெரு வழியாகத்தான் வரும்.

மேம்பாலம் வந்தால் நெரிசல் தீரும் என்பார்கள். தீராது, கிடைத்த இடத்தைப் புது வண்டிகள் நிரப்பிவிடும். அதனால் வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், மெட்ரோ நிலையம் வரை நல்ல நடைபாதையும் இணைப்புப் பேருந்தும் முதலில் வேண்டும் என்று மனுவில் எழுதுங்கள்.