பாதியில் நிற்கும் எழுத்துக்கு இரண்டு புறாக்குஞ்சு போதும்

கிறிஸ்துமஸ் நாடகம் இரண்டாம் காட்சியோடு நிற்கிறது. சபையார் கூடிச் சாப்பிடும் அசன பண்டிகைக்கென்று தொடங்கிய பாட்டுக்குப் பல்லவி உண்டு, சரணம் இல்லை. சிறுகதைக்கு முதல் பத்தியே நாலு தடவை மாறியாயிற்று. பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று சபைகளில் எழுதுகிறவர்கள் வீட்டு அலமாரியில் இப்படிப்பட்ட நோட்டுகள் கிடக்கும்.

சோம்பலால் நின்றவை குறைவு. "ஆண்டவருக்குக் கொடுக்கிறது, குறை இருக்கக் கூடாது" என்று நின்றவைதான் அதிகம். இதற்கு வேதத்தில் மல்கியா முதல் அதிகாரத்தையும், "பூரண சற்குணராயிருங்கள்" என்கிற மத்தேயு 5:48-ஐயும் ஆதாரமாகச் சொல்வார்கள். இரண்டையும் முன்பின் வசனங்களோடு வாசியுங்கள். மல்கியா கண்டிப்பது, மந்தையில் நல்ல கடா இருந்தும் கெட்டுப்போனதைப் பலியிட்டவனை. "பூரண சற்குணர்" என்பதற்கு முந்தின வசனங்களோ சத்துருக்களைச் சிநேகிப்பதைப் பற்றியவை. எழுத்துப்பிழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு லேவியராகமம் 5-ஐத் திறங்கள். பாவத்துக்குப் பலியாக ஆட்டுக்குட்டி கொண்டுவரச் சக்தியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாவையோ இரண்டு புறாக்குஞ்சையோ கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவனுக்கு எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மா. மூவருக்கும் ஒரே மன்னிப்புதான். லூக்கா 2:24-ல் குழந்தை இயேசுவின் பெற்றோர் செலுத்தும் பலியிலும் புறாதான் வருகிறது. இன்று உங்கள் கைக்கு எட்டுவது புறாக்குஞ்சு என்றால் அதைக் கொண்டுபோங்கள்.

எல்லா நோட்டையும் வெளியே எடுத்து, மிகக் குறைவாக மீதி இருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் பிடித்ததை எடுக்க வேண்டாம், பயம் அதில்தான் அதிகம். மற்றவற்றை மஞ்சப்பையில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். கையில் வைத்த நோட்டின் அட்டை உள்பக்கத்தில் யார் கையில், எந்தத் தேதியில் கொடுப்பது என்று எழுதுங்கள். கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் அக்டோபர் கடைசி ஞாயிறு. பிள்ளைகள் வசனம் மனப்பாடம் பண்ண ஆறு வாரமாவது வேண்டும்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு நாள்தோறும் கிடைத்த உணவாகிய மன்னாவை மறுநாளைக்கென்று வைத்தபோது பூச்சி பிடித்ததை யாத்திராகமம் 16-ல் வாசிக்கிறோம். எழுத்துக்கும் அன்றன்றைக்கு ஒரு அளவு வேண்டும்: இருபது நிமிடம் அல்லது ஒரு பக்கம், எது முந்துகிறதோ அதோடு நிறுத்துங்கள். ஜெபம் ஒரு நிமிடம் போதும்: "இன்றைக்கு வேண்டியதைத் தாரும்." "நல்லா வரணும்" என்று கேட்க ஆரம்பித்தால், எழுதுமுன்பே மனது தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடும்.

எழுதும்போது திருத்தக் கூடாது. உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர் மரத்தின் மேல் இருந்துகொண்டு கருப்பட்டியின் நிறத்தைப் பார்ப்பதில்லை; கலயத்தில் ஊறியதை இறக்குகிறார். காய்ச்சுவது கீழே. பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்ப்பதும் அங்கேதான்.

பேனாவால் வலப்பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கத்தைத் திருத்தத்துக்கு விடுங்கள். சொல் அகப்படாத இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நகருங்கள். மூடுமுன் அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லை எழுதிவைத்தால், மறுநாள் வெறுந்தாளைப் பார்த்து உட்கார வேண்டியிராது.

மூன்றாம் நாலாம் நாளில் கை தானாக முதல் பக்கத்துக்குப் போகும். பெரும்பாலானவர்கள் விழுவது இங்கேதான். எழுதிய பக்கங்களைக் கிளிப் போட்டுச் சேர்த்துப் பிடித்துவிடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு பக்கம் வேண்டாம். அது கடனாகி நோட்டைத் திறக்கவே மனது வராமல் பண்ணிவிடும்.

முழுவதும் எழுதியபின் ஏழு நாள் தொடாதீர்கள். பிறகு மூன்றே சுற்று. முதல் சுற்றில் எது முன், எது பின் என்பது. இரண்டாவதில் சத்தமாக வாசிப்பது. "அடர்ந்த இருள் சூழ்ந்த இவ்விரவில் என் உள்ளம் ஏனோ கலங்குகிறது" என்று மேய்ப்பன் பேசினால், பத்து வயதுப் பையனுக்கு இரண்டாம் சொல்லிலேயே நாக்கு இடறும். "ஏலே, ஆடெல்லாம் ஏன்ல முழிச்சிக்கிட்டு நிக்கு?" என்று மாற்றுங்கள், இருட்டும் பயமும் அதிலேயே வந்துவிடும். மூன்றாவதில் ர, ற, ல, ள, ழ, ஒற்று. நாலாவது சுற்று கிடையாது.

வெட்டியதைக் கிழித்துப் போடாதீர்கள். "ஒன்றும் சேதமாய்ப்போகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்று யோவான் 6:12-ல் இருக்கிறது. தனி நோட்டு ஒன்றுக்குத் துணிக்கைகள் என்று பேர் போட்டு அதில் ஒட்டுங்கள். நல்ல வரியை வெட்ட மனது வராதவர்களுக்கு இது பெரிய உதவி.

பெரிய படைப்பானால் பகுதி பகுதியாகக் கொடுங்கள். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் காப்பியமான இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் இதழில் அப்படித்தான் வெளிவந்தது; நூலானது 1894-ல்.

கொடுக்கும்போது ஒருவரிடம் மட்டும் கொடுத்து, "எங்கே புரியல?" என்று மட்டும் கேளுங்கள். "நல்லாயிருக்கா?" என்று ஐந்து பேரிடம் கேட்டால் ஐந்து திசை. சபைப் போதகரான ஐயரிடமோ வாலிபர் சங்கச் செயலாளரிடமோ ஒப்படைத்த பிரதியை, "ஒரு நாள் கொடுங்க, சரிபண்ணித் தாரேன்" என்று திரும்ப வாங்க வேண்டாம். அன்று சாயங்காலமே மஞ்சப்பையை இறக்கி அடுத்த நோட்டை எடுத்துவிடுங்கள்.