சாட்பாட் லாகின்: புதுக் கணக்கு தொடங்கும் முன் ஒரு நிமிடம்

கிருஷ்ணகிரியில் மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். கடைக்காரர்கள், மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுபவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் ஏஐ சாட்பாட் பழக வருகிறார்கள். முதல் வாரத்தில் அவர்கள் செய்கிற தவறுகள் எல்லாம் நானும் செய்தவைதான். பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, டேட்டா தீர்ந்துபோவது இதெல்லாம் அவர்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பழைய கணக்கைத் தேடாமல் புதுக் கணக்கு தொடங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சாட்ஜிபிடியில் கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், மின்னஞ்சல் என்று நுழைய பல வழிகள் உண்டு. போனில் மூன்று ஜிமெயில் முகவரி இருந்து, வேறொன்றைத் தொட்டுவிட்டால் தப்பு என்று எந்த எச்சரிக்கையும் வராது. புதுக் கணக்காக எடுத்துக்கொண்டு உள்ளே விட்டுவிடும். பழைய உரையாடல் ஒன்றுகூட இருக்காது. ஆப்பிள் வழியில் மின்னஞ்சலை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தாலும் இதே கதைதான். அங்கே பதிவாவது வேறொரு முகவரி.

காவேரிப்பட்டினத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் தையல் கடை நடத்துகிறார். போன் மாற்றியபோது மகனுடைய ஜிமெயிலில் நுழைந்துவிட்டார். இலவசக் கணக்கு என்று காட்டவும், கட்டிய சந்தா போய்விட்டதென்று நினைத்து மறுபடியும் கட்டினார். இரண்டு மாதம் இரண்டு பக்கமும் பணம் பிடித்தார்கள். பழைய செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நம்பியிருந்தார். நிற்காது, தனியாக ரத்து செய்ய வேண்டும்.

நான் செய்தது இன்னும் மோசம். இரண்டு கணக்கு எதற்கு என்று ஒன்றை அழித்தேன். எட்டு மாதப் பாடக் குறிப்புகள் அதில்தான் இருந்தன. அழித்த கணக்கு திரும்ப வராது.

அதனால் புதுக் கணக்கு தொடங்கும் முன் உங்கள் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அந்தச் சேவையின் பெயரைத் தேடுங்கள். பதிவு செய்தபோது வந்த கடிதமோ பணம் கட்டிய ரசீதோ எதில் இருக்கிறதோ, அந்த முகவரியில் முதலில் நுழைந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் கட்டியிருந்தால் ப்ளே ஸ்டோரின் சந்தாப் பகுதியையும் பாருங்கள். பணம் கட்டிய கூகுள் கணக்கும் சாட்பாட்டில் நுழையும் கணக்கும் வேறாக இருக்கலாம். எந்த முகவரி, எந்த வழி, எதில் பணம் என்று மூன்றையும் டைரியில் எழுதி வையுங்கள்.

ஓடிபியை அடுத்தடுத்துக் கேட்பது

கடைசியாக வந்த எண்ணைப் போடுங்கள். பழையது பெரும்பாலும் செல்லாது.

கடிகாரத்தைக் கவனிக்காதது

ஆதென்டிகேட்டர் செயலி (லாகினுக்கு எண் தரும் செயலி) காட்டும் எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறும், அதுவும் போனின் நேரத்தை வைத்துத்தான். நேரம் தப்பாக இருந்தால் எண் செல்லாது. பழைய லேப்டாப்பில் தேதி சில வருடம் பின்தங்கியிருந்தால் இணையதளமே பாதுகாப்பற்றது என்று காட்டும். தேதியும் நேரமும் தானாக அமையும்படி வையுங்கள், போதும்.

நிறுவனத்தின் கோளாறுக்கு நம் போனைக் குடைவது

2025 நவம்பர் 18 மாலை, பல இணையதளங்கள் நம்பியிருக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் கோளாறால் சாட்ஜிபிடி, கிளாட் சாட்பாட்கள் உட்படப் பல தளங்கள் திறக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் செயலியை நீக்குவதும் பாஸ்வேர்டை மாற்றுவதும் வீண் வேலை. வேறொரு தளம் திறக்கிறதா என்று பாருங்கள். அஞ்செட்டி மலைப்பக்கம் இருந்தால் முதலில் சிக்னலைப் பாருங்கள். சரி, இணையம் நன்றாக இருக்கிறது என்றால் அந்த நிறுவனத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தை (சேவை ஓடுகிறதா என்று காட்டும் பக்கம்) பார்த்துவிட்டுக் காத்திருங்கள். அங்கே எல்லாம் சரி என்று இருந்தால், விபிஎன் செயலி ஓடினால் அதை நிறுத்திவிட்டு, பிரவுசரின் இன்காக்னிட்டோ (தனிப்பட்ட) விண்டோவில் முயலுங்கள்.

கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுவது

வேண்டவே வேண்டாம், மோசடி நம்பராக இருக்கலாம். ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.