“தம்பிக்கு எப்படி இருக்கு?”: பள்ளியில் நாம் செய்யும் தவறுகள்

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை போகும். குடியாத்தம், ஆரணி பக்கமிருந்து வேலூருக்கு அலையும் வீடுகளில் அம்மா ஆஸ்பத்திரியில், அப்பா பஸ்ஸில். நோயில்லாத பிள்ளை ஆயா (பாட்டி) வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும்.

நான் பாடம் எடுத்த ஆறாம் வகுப்பில் அப்படி ஒரு பெண் இருந்தாள். கேட்டில் ஒரு டீச்சர், வராண்டாவில் ஒரு சார், சத்துணவுக்கூடத்தில் இன்னொருவர் என்று எல்லோரும் “தம்பிக்கு எப்படிம்மா இருக்கு?” என்றே கேட்டோம். “பரவால்ல மிஸ்” என்பாள். ஒரு மாதத்தில் பிரேயர் முடிந்தபிறகே வர ஆரம்பித்தாள். லேட் என்று வெளியே நிற்க வைத்தது நான்தான். அவள் சடை தினமும் கோணலாக இருந்ததை அன்றுதான் கவனித்தேன். ஆயாவுக்குக் கண் மங்கல். தம்பியின் நிலவரத்தை வகுப்பாசிரியர் ஒருவர் பெற்றோரிடம் போனில் கேட்டால் போதும். பிள்ளையிடம் “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள்.

“அழாதே, அம்மாவுக்கு நீதான் தைரியம்” என்பது அடுத்த தவறு. பத்து வயசுக்கு அது பெரிய சுமை. பணம் திரட்டுவதென்றால் வீட்டில் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை இல்லாத இடத்தில் திரட்டுங்கள். பிரேயரில் பெயர் சொல்லி வேண்டாம்.

அம்மை விஷயத்தில்தான் நாம் ரொம்ப அசட்டை. வீட்டில் வேப்பிலை செருகிவிட்டு, பள்ளிக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்வார்கள். நமக்குத் தெரிந்தாலும் “ஆத்தா வந்திருக்கா” என்று வெளியே சொல்வதில்லை. கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்து. அதை வீட்டுக்குக் கொண்டுபோவது நம் வகுப்பில் உட்காரும் அக்காவாகவும் இருக்கலாம். வகுப்பில் யாருக்காவது அம்மை, தட்டம்மை என்றால் அன்றைக்கே சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் வீட்டுக்குச் சொல்லுங்கள். உடனே தெரிந்தால்தான் டாக்டரால் தடுப்பு மருந்து கொடுக்க முடியும்.

எலும்பு மஜ்ஜை (எலும்புக்குள் ரத்தம் உருவாகும் பகுதி) மாற்றம் என்றால் முதலில் கூடப்பிறந்தவர்களின் ரத்தத்தைத்தான் சோதிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் முழுதாகப் பொருந்த வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பொருந்தாத பிள்ளை தன்மேல் தப்பு என்று நினைக்கும். மஜ்ஜை கொடுத்த பிள்ளையை “உயிர் கொடுத்தவன்” என்று மேடையேற்றாதீர்கள். சிகிச்சை பலிக்காமல் போனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

வீட்டுப்பாடத்தைக் குறையுங்கள், சரி. அதைவிட, மத்தியானம் இரண்டு நிமிஷம் அம்மாவிடம் பேச போன் கொடுங்கள். அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு முதன்முதலாகக் கொடுத்தபோது தம்பியைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். “என் ரிப்பனை எங்கம்மா வெச்ச?” என்றாள்.